லைன் கிளியர் வாங்கியாயிற்றா?

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேலி உண்டு. யாராவது கொஞ்சம் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால், "ஊளம்பாறைக்குப் பஸ் ஏற்றிவிட வேண்டியதுதான்" என்பார்கள். சென்னைக்காரர்கள் கீழ்ப்பாக்கம் என்று சொல்வதைப் போல. 1870-ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஊளம்பாறை மனநல மருத்துவமனை ஒன்றரை நூற்றாண்டாக எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்திருக்கிறது. அதற்கு நாம் தந்த கைம்மாறு இந்தக் கேலி. நானும் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான். அதனாலேயே, என் மனைவி காலமாகி எட்டு மாதம் கழிந்தும் எனக்கு உறக்கம் வராமல் போனபோது அதை வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

டொராண்டோவில் இருக்கும் மகன், வீடியோவில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். "அப்பா, நீங்க எங்கயும் அலைய வேண்டாம். ஸ்ரீவராகத்து வீட்டிலே உக்காந்தபடியே ஒரு கவுன்சிலர்கிட்ட பேசலாம். நான் பணம் கட்டிட்டேன்" என்றான். பணம் கட்டியாயிற்று என்று கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை. ரயில்வேக்காரனுக்கு வாங்கிய டிக்கெட்டை வீணாக்கத் தெரியாது.

திரையில் வந்தவர் வடக்கே ஏதோ ஒரு நகரத்தில் இருந்த இளம்பெண். நல்ல குணம். ஆங்கிலத்தில்தான் பேச முடிந்தது. எனக்குத் தெரிந்தது அலுவலகக் கோப்பு ஆங்கிலம். அதில் குறிப்பு எழுதலாம், மேலதிகாரிக்குப் பதில் சொல்லலாம். துக்கப்பட வராது. இருந்தாலும் மூன்றாவது அமர்வில் எப்படியோ தைரியம் வந்து, "சில ராத்திரிகளில், காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது" என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிடம் துலாமழை இடியோடு வந்தது. மின்சாரம் போயிற்று. இணைப்பும் போயிற்று.

இருட்டில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம். அரை மணி. யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் அதே நேரத்தில் அந்தப் பெண் திரையில் வந்து, "போன தடவை நெட்வொர்க் பிரச்சினை. எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் "நன்றாக இருக்கிறேன்" என்றேன். அத்தோடு அந்தச் சந்தாவை நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பெண்மீது இன்றுவரை எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் அன்பு இருந்தது. இல்லாதது ஒரு விதிப்புத்தகம். கம்பி வழியாக மனித உயிரைக் காக்கும் தொழிலுக்கு எப்படிப்பட்ட விதிப்புத்தகம் வேண்டும் என்பதை ரயில்வே நூறு ஆண்டுக்கு மேலாகக் கற்றிருக்கிறது. விமானத் துறையும் அறுவை சிகிச்சைத் துறையும் கற்றிருக்கின்றன. அந்தப் பாடங்களை ஆன்லைன் மனநல சிகிச்சை கடன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. நான் மருத்துவன் அல்லன். சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்த டிப்ளமோக்காரன். நோயாளியாகவும் இருந்து பார்த்தவன் என்ற ஒரு தகுதி கூடுதலாக உண்டு.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து தரும் மனநல சிகிச்சை போலியானது அல்ல. வழிகாட்டி ஒருவரின் துணையோடு இணையவழி நடக்கும் மனநல சிகிச்சை, மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றில் நேரில் பெறுவதற்கு ஏறக்குறைய நிகரான பலன் தருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று, மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண். பெங்களூர் நிம்ஹான்ஸ் அதற்குத் தலைமை. இருபத்துநான்கு மணி நேரமும், தமிழ் உட்பட இருபது மொழிகளில், கட்டணமில்லாமல். வெளியூரில் பிழைக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமா? ஆமதாபாதிலும் புனேயிலும் இருக்கும் ஒரு தமிழ்ப்பெண் தன் மாமியார் வீட்டு வருத்தத்தைத் தாய்மொழியில் சொல்ல வழி கிடைத்திருக்கிறது. ஆகவே வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பாக ஓடட்டும் என்கிறேன்.

இனி ரயில்வே விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளில் திருநெல்வேலி - நாகர்கோவில் ஒற்றைப் பாதையில் வேலை பார்த்தபோது, பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எதிர் ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் கிடைக்காமல் ஒரு வண்டியும் புறப்படக் கூடாது. கருவி பழுதாகித் தொலைபேசியில் லைன் கிளியர் வாங்க நேர்ந்தால், வெறும் "சரி, அனுப்பு" போதாது. தான் யார், எந்த ஸ்டேஷன், எந்த வண்டி என்று சொல்ல வேண்டும். கடைசியில் பிரைவேட் நம்பர் ஒன்று தர வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்த எண்கள் அச்சிட்ட தாள் பூட்டி இருக்கும். ஒரு எண்ணைச் சொன்னால் அதை அடித்துவிட வேண்டும். கேட்டவர் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இருபது வருடம் ஒருவரோடொருவர் பேசிப் பழகிய குரலானாலும் எண் இல்லாமல் வண்டி நகராது. குரலை நம்பாதது அவமரியாதை இல்லை. வண்டிக்குள் இருக்கும் எண்ணூறு பேருக்குத் தரும் மரியாதை அது.

கம்பி எல்லாமே அறுந்துவிட்டால்? அதற்கும் விதிப்புத்தகத்தில் தனிப் பகுதி உண்டு. யார் முதலில் என்ன செய்ய வேண்டும், எந்தச் சீட்டை எழுத வேண்டும், வண்டி எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்று வரிசையாக இருக்கும். தொடர்பு அறுந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும் என்று எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும்.

என் கதையின் இரண்டாம் பாதி இங்கேதான் வருகிறது. ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என்னை வற்புறுத்தி நகரத்திலுள்ள ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். தமிழ் நன்றாகப் பேசும் அம்மையார். இரண்டு தடவை நேரில் பார்த்தார். முழங்கால் வலியில் நான் படும் பாட்டைக் கண்டு, "இனிமேல் போனில் பேசலாம் சார்" என்றார். முதல் போனில், நலமா என்று கேட்பதற்கு முன்பே அவர் கேட்டவை இவை: "இப்போ எங்கே இருந்து பேசறீங்க? வீட்டிலே வேறே யார் இருக்காங்க? லைன் கட்டானா நான்தான் கூப்பிடுவேன், நீங்க கூப்பிட வேண்டாம். அஞ்சு நிமிஷத்துலே கிடைக்கலேன்னா பக்கத்து வீட்டு நம்பர் ஒண்ணு கொடுங்க, அவங்களைக் கூப்பிடலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர், உங்க அப்பா ரயில்வேயிலே இருந்தாரா?" என்று கேட்டேன். இல்லையாம். 2020-ஆம் ஆண்டு நிம்ஹான்ஸும் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட தொலை மனநல வழிகாட்டியைப் படித்தவராம். அதே ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட தொலை மருத்துவ விதிகளும், நோயாளி மருத்துவர் இருவருமே யார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அந்த அரசு விதிகள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானவை. கவுன்சிலர் என்று பலகை மாட்டிக்கொண்டு திரையில் வருபவர் எல்லாரையும் அவை கட்டுப்படுத்துவதில்லை. ரயில்வேயில் தகுதிச் சான்றிதழ் இல்லாத ஒருவரைப் பேனல் முன்னால் உட்கார விடமாட்டார்கள். குறித்த காலத்தில் மறுபயிற்சிக்குப் போகாவிட்டால் சான்றிதழ் இருந்தவரும் எழுந்துகொள்ள வேண்டியதுதான். மனத்தைத் தொடும் தொழிலுக்கு அதைவிடக் குறைந்த அளவுகோல் போதும் என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது, எங்கள் சிக்னல் பிரிவின் உயிர்நாடியான கொள்கை. கருவி பழுதானால் அது பத்திரமான பக்கமாகப் பழுதாக வேண்டும். பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்தால், எதிர் எடையின் பாரத்தில் கை தானாகவே படுக்கைவாட்டுக்கு வந்து 'நில்' என்று காட்டும். இன்றைய விளக்கு சிக்னலில் ஒரு பியூஸ் போனாலும், ஒரு கம்பி விட்டாலும், ரிலே தன் எடையால் கீழே விழுந்து சிவப்பு எரியும். வீண் சிவப்பு வந்தால் வண்டி தாமதமாகும், பயணிகள் திட்டுவார்கள், எங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். போகட்டும். நாங்கள் கனவிலும் பயப்படுவது பொய்ப் பச்சைக்குத்தான்.

2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் பஹானாகா பஜார் ஸ்டேஷனில் அதுதான் நடந்தது. சென்னை வரவேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகலாம் என்று சிக்னல் காட்டியது. பாயின்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு வண்டி நின்றிருந்தது. 290-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முன்பொரு சமயம் செய்த மின்சுற்று மாற்றத்திலும், அன்று நடந்த கேட் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று விசாரணை சொன்னது. ஓட்டுநர் பச்சையை நம்பினார். அவர் என்ன செய்வார்?

மனநல சிகிச்சையில் இந்தப் பொய்ப் பச்சை எது தெரியுமா? "நன்றாக இருக்கிறேன்" என்ற பதில்தான். அதை நானே காட்டியிருக்கிறேன். அந்த அம்மையாரிடம் ஒரு தடவை, "பரவாயில்லை டாக்டர், தேறிவிட்டேன்" என்றேன். அவர் விடவில்லை. ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் உறக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் வந்ததா, செத்துப் போனால் தேவலை என்று எத்தனை நாள் தோன்றியது என்று. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 27. உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்தும் படிவம் அது. கூட்டிப் பார்த்தால் எனக்குப் போன மாதத்தைவிட ஐந்து கூடியிருந்தது. வாய் பச்சை காட்டியது. அளவுகோல் சிவப்பு காட்டியது. மருந்தை மாற்றினார், வாரம் இரண்டு முறை கூப்பிட்டார். இன்று இதை எழுத நான் உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஒன்பது கேள்விகளும் ஒரு காரணம்.

அனுபவசாலிக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று சிலர் சொல்வார்கள். 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 550 பேருக்கு ஆலோசனை தந்துகொண்டிருந்த சிகிச்சையாளர்களிடம், இவர்களில் யார் நிலை மோசமாகும் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். நேரில் பார்த்தே இந்தக் கதி. திரையில் தோளுக்கு மேலே மட்டும் தெரியும்போது கேட்கவே வேண்டாம். தண்டவாளத்தைக் கீமேன் தினமும் நடந்து பார்க்கிறார். அதோடு விடாமல், கண்ணுக்குத் தெரியாத உள்விரிசலைக் கண்டுபிடிக்க அல்ட்ராசானிக் கருவியையும் தள்ளிக்கொண்டு போகிறோம். கீமேனை அவமானப்படுத்தவா? கண்ணுக்கு எட்டாதது உண்டு என்று ஒப்புக்கொள்வதால்தான். ஒவ்வொரு அமர்விலும் அளவெடுப்பதை இணையச் சிகிச்சையில் விதியாகவே வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, சொன்னதைத் திருப்பிச் சொல்வது. 1977 மார்ச் 27-ஆம் தேதி ஸ்பெயினைச் சேர்ந்த டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்படத் துடித்த விமானிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து "ஓ.கே." என்ற சொல் கேட்டது. அதற்குப் பின்னால் வந்த "பொறுத்திருங்கள்" இரைச்சலில் மங்கிப் போயிற்று. விமானத்துக்குள்ளேயே ஒருவருக்குச் சந்தேகம் எழுந்தது. கேட்டும் பார்த்தார். மூத்த விமானியின் உறுதிக்கு முன்னால் அது நிற்கவில்லை. அதன்பின் விமானத் துறை இரண்டு விஷயங்களைத் திருத்திக்கொண்டது. ஒன்று, உத்தரவைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும், வெறும் "ஓ.கே." கூடாது. மற்றொன்று, இளையவர் தடுத்துப் பேசவும் பெரியவர் காது கொடுக்கவும் பயிற்சி தர வேண்டும்.

அறுவை சிகிச்சைத் துறையும் இதே வழியில் போயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை அறைக்காக ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்த உறுப்பு, ஒவ்வாமை உண்டா என்று உரக்கக் கேட்டுச் சரிபார்ப்பது. எட்டு நகரங்களில், புதுதில்லியும் அதில் ஒன்று, நடத்திய சோதனையில் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்தில்லை, புதுக் கருவியில்லை. தெரிந்ததையே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டதன் பலன்.

என் கவுன்சிலர் பெண், நான் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிவைத்து, மறுவாரம் அதையே திருப்பிச் சொல்லி, "அப்படிச் சொன்னீர்களே, இன்றும் அப்படித் தோன்றுகிறதா?" என்று கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். தாய்மொழி இங்கே எவ்வளவு முக்கியம் என்பதையும் யோசியுங்கள். "மனசு கனத்துப் போச்சு", "நெஞ்சு அடைக்குது", "வெறுத்துப் போச்சு" ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடலாம். நமக்கு அவை மூன்று வேறு சிக்னல்கள். மொழி புரியாத இடத்தில் திருப்பிச் சொல்வது இரட்டிப்பு அவசியம்.

நான்காவது, மறுமுனையில் ஒரு மனிதர். இதில் நம் தமிழ்நாடே நாட்டுக்கு வழி காட்டியிருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள்ளேயே ஆலோசனை அறையும் மருந்தகமும். சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார். நோயாளியின் அருகில் ஊரறிந்த பணியாளர் உட்கார்ந்திருப்பார். மருந்து அங்கேயே கிடைக்கும். அடுத்த முறை வராதவரின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டவும் ஆள் உண்டு. மருத்துவர் தூரத்தில் இருக்கலாம், ஆனால் பாதையருகே ஒரு கேட்மேன் இருந்தே ஆக வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். நம் மகனும் மகளும் வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி வாங்கித் தரும் சேவைகளில் இந்தக் கேட்மேனைத்தான் காணோம்.

ஐந்தாவது, இரட்டைப் பூட்டு. ரிலே ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் பிரிவிடம். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. திறந்த நேரம், காரணம், மூடிய நேரம் மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோதும் எனக்கும் அதே விதிதான். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தில் பூட்டு சரியில்லை. சுமார் 33,000 பேர் தம் சிகிச்சையாளரிடம் அந்தரங்கமாகச் சொன்னவை திருடு போயின. 2020-இல் திருடன் நோயாளிகளுக்கே கடிதம் அனுப்பி, பணம் தராவிட்டால் ஊரறிய வெளியிடுவேன் என்று மிரட்டினான். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் திவாலாயிற்று. நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் ரகசியத்தை அவருடைய உரிமை என்கிறது. கல்யாணச் சந்தையில் ஒரு பெண்ணுக்கு "மனசு சரியில்லாமல் டாக்டரிடம் போனாளாம்" என்ற ஒரு வதந்தி போதும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததா? ஆகவே எங்கே சேமிக்கிறீர்கள், யார் திறக்க முடியும் என்று கேட்பது நம் உரிமை.

கடைசியாக, தவறு நடந்தால் விசாரணை. ரயில் விபத்தை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் ரயில்வேயின் கீழ் இல்லை, சிவில் விமானத் துறையின் கீழ் இருக்கிறார். தன் வீட்டுத் தவறைத் தானே விசாரிக்கக் கூடாது என்று 1941-லேயே பிரித்து வைத்தார்கள். அப்படியிருந்தும் நம்பிக்கை கிடைப்பது எளிதல்ல. 1988 ஜூலை 8-ஆம் தேதி, பெருமண் பாலத்தில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் இறந்ததை நம்மூரில் மறந்தவர் யார்? சூறைக்காற்று காரணம் என்றது அறிக்கை. அதை ஏற்காதவர்கள் கொல்லம் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். இணையச் சிகிச்சையில் ஒருவர் இடையில் நின்றுபோனால், ஏன் நின்றார் என்று கேட்கக்கூட ஆளில்லை. என் சந்தா நின்றபோது எனக்கு வந்த ஒரே செய்தி, மறுபடி சேர்ந்தால் தள்ளுபடி உண்டு என்பதுதான்.

இதில் ரயில்வேயிடமிருந்து கற்கக் கூடாத ஒன்றும் உண்டு. உண்மையைச் சொன்னால் தண்டனை வரும் என்று பயந்து, நடந்ததை மறைக்கும் பழக்கம் எங்களில் சிலரிடம் இருந்தது. தவறை ஒப்புக்கொண்ட கவுன்சிலரைத் தூக்கி எறிந்தால், அடுத்தவர் மறைப்பார். விசாரணை திருத்துவதற்காக இருக்க வேண்டும், பலி தேடுவதற்காக அல்ல.

இதையெல்லாம் குளத்தங்கரைப் படிக்கட்டில் மாலையில் கூடும் நண்பரிடம் சொன்னேன். வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். "மனுஷன் என்ன கூட்ஸ் வண்டியா ஓய்? படிவமும் பட்டியலும் போட்டால் அன்பு எங்கே இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆற அமர யோசித்தேன். ஓட்டுநர் ஒவ்வொரு பாயின்டும் சரியாக இருக்கிறதா என்று தானே இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தால் அவர் வண்டியே ஓட்ட முடியாது. சிக்னல் தன் வேலையைச் செய்வதால்தான் அவர் முன்னால் பாதையைக் கவனிக்கிறார். அந்த டாக்டர் அம்மையாரும் அப்படித்தான். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கேள்விகள். பிறகு முக்கால் மணி நேரம் நான் என் மனைவியைப் பற்றிப் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். லைன் கட்டானால் என்ன என்ற கவலை இருவருக்கும் இல்லை.

எல்லாவற்றையும் போனில் தீர்க்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் நேரில் போவதுதான் முறை. தொலைவிலிருந்து எழுதக் கூடாத மருந்துகள் உண்டு என்று 2020 விதிகளே சொல்கின்றன. இந்த எல்லையை முதலிலேயே சொல்பவர் நல்ல சிகிச்சையாளர்.

வாசகர்கள் இனி ஓர் இணையச் சேவையில் சேருமுன், அல்லது பெற்றோரைச் சேர்க்குமுன், இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்:

1. உங்கள் படிப்பும் பதிவு எண்ணும் என்ன?
2. தமிழில் பேச முடியுமா?
3. இணைப்பு அறுந்தால் யார், எத்தனை நிமிடத்தில், எந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள்?
4. தேறுகிறேனா இல்லையா என்பதை எதை வைத்து அளப்பீர்கள்?
5. நான் சொல்வதை யாரெல்லாம் பார்க்க முடியும்?
6. அவசரம் என்றால் என் ஊரில் யாரை அனுப்புவீர்கள்?

பதில் சொல்லத் தயங்கினால் லைன் கிளியர் கிடைக்கவில்லை என்று பொருள். வண்டியை எடுக்காதீர்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டடத்தில் நூலகத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறை, பழைய நாற்காலிகள் போட்டுக் கிடக்கிறது. அதைக் காலி செய்து, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், ஒரு நல்ல இணைய இணைப்பு, மின்சாரம் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டர் வைத்துத் தரலாம். வீட்டில் மருமகள் காதிலும் பேரன் காதிலும் விழாமல் பேச இடமில்லாத முதியவர்கள் நம்மில் பலர். போன் பிடிக்கத் தெரியாதவருக்கு இணைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்க ஒருவர் போதும். ஆலோசனை சொல்ல வேண்டாம், உள்ளே நடப்பதைக் கேட்கவும் வேண்டாம். பேசி முடித்து வெளியே வருபவருக்கு ஒரு தம்ளர் காப்பி கொடுத்தால் போதும்.

வியாழக்கிழமை மாலைகளில் அந்தத் திண்ணையில் உட்கார நான் தயார். அறைக்கு இரண்டு பூட்டுப் போட வேண்டும் என்பது என் நிபந்தனை. ஒரு சாவியை நான் வைத்துக்கொள்கிறேன். மற்றொன்றை வாங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.